நூலகத்தில் மட்டும் வராத நெட்

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நூலகத்துல நெட் வரலைன்னா, அடுத்த வருஷம் வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்றார் பள்ளியின் தாளாளர்.

நெட்வொர்க் வேலை பார்ப்பவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வருடமாகப் பள்ளி முழுக்க நெட் பறக்கிறது, நூலகத்தில் மட்டும் நொண்டியடிக்கிறது. வைஃபை பெட்டியை நான்கு முறை மாற்றியாகிவிட்டது. இனி மாற்ற வேண்டியது தன் மூளையைத்தான் என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

"பாவம் சார், அவரும் என்னதான் பண்ணுவார்? இன்னும் ஒரு வருஷம் குடுத்துப் பார்ப்போம்" என்றார் தலைமையாசிரியை.

இந்த அம்மா மட்டும் இல்லையென்றால் தன் பிழைப்பு எப்போதோ சிரிப்பாய்ச் சிரித்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முறை தோற்றபோதும் டீ வரவழைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

வராந்தாவில் நின்று மனைவிக்குப் போன் போட்டுப் புலம்பினார்.

"பெட்டியை எங்க வச்சிருக்கீங்க?"

"வராந்தாவுல. கட்டட வரைபடத்துல அதான் நடு இடம்."

"நூலகத்துக்குள்ள என்ன இருக்கு?"

எட்டிப் பார்த்தார். "எட்டு வரிசை இரும்பு அலமாரி. கூரை வரைக்கும்."

"அது வரைபடத்துல இருக்கா?"

பையிலிருந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "இல்ல. காலி ரூம்னுதான் போட்டிருக்கு."

"உங்களைக் கட்டிக்கிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று அவள் வைத்துவிட்டாள்.

மதியத்துக்குள் ஒயரை இழுத்து, பெட்டியை அலமாரிகளுக்கு நடுவில் மாட்டினார். நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது. மூன்று வருட அவமானத்துக்கு முக்கால் மணி நேர வேலை. வெட்கத்தை ஓரங்கட்டிவிட்டுத் தலைமையாசிரியை அறைக்கு ஓடினார்.

"மேடம், நூலகத்துல நெட் வந்துடுச்சு. முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு வந்தேன்."

தலைமையாசிரியையின் முகம் தொங்கிப்போயிற்று. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"தாளாளர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

"சொல்லாதீங்க. கழட்டிடுங்க. பெத்தவங்க குரூப், டீச்சர் குரூப், ஆபீஸ் குரூப்னு காலையில இருந்து ஓயாம மெசேஜ். போன் டவரும் கிடைக்காத, நெட்டும் வராத அந்த ஒரு ரூம்லதான் அரை மணி நேரம் நிம்மதியா சாப்பிடறேன். தாளாளரை நான் சமாளிச்சுக்கறேன், அடுத்த வருஷமும் வேலை உங்களுக்குத்தான்."

"அப்போ மூணு வருஷமா நீங்க எனக்காகப் பரிஞ்சு பேசினது..."

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர் முதல் வாரமே அங்க நெட்டைக் கொண்டுவந்துட்டார். அவரைப் பெட்டியோட அனுப்பிட்டு, எங்க வேலை பார்த்தாலும் ஒரு ரூமையாவது கோட்டை விடற ஆள் யாருன்னு நாலு பள்ளிக்கூடத்துல விசாரிச்சேன். நாலு பேரும் உங்க நம்பரைத்தான் குடுத்தாங்க."