மூன்றாவது விசில்

"மூணு விசில்தான்டா. அப்புறம் நான் வேளச்சேரிக்குக் கிளம்பறேன். இனிமே வரமாட்டேன்."

புகழேந்தி, தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஜவஹர் கையை மட்டும் நீட்டினான்.

நான் எட்டிப் பார்க்கிறவள் இல்லை. எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் பால்கனிதான். கட்டினவனைக் கேளுங்கள்.

கஸின்ஸ் என்று சொல்லித்தான் குடி வந்தார்கள். எந்த வழியில் என்று விசாரித்தேன். ஒருத்தன் அத்தை பையன் என்றான், இன்னொருத்தன் சித்தப்பா பையன் என்றான். வரும்போதே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதோ?

ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு அரை மணி நேரம் சண்டை பிடிக்கிறவர்கள் கஸின்ஸ் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆனவள், எனக்குத் தெரியாதா?

கொஞ்ச நாளாகச் சண்டையும் இல்லை. அதுதான் மோசம். ஒருத்தன் கட்டிலில், ஒருத்தன் ஹால் சோஃபாவில். இரண்டு வீட்டுக்கும் வேலைக்கு வருகிறவள் ஒரே மேகலா. நானாக எதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை தோறும் அடையாறில் ஒரு கவுன்சலரிடம் போய் வந்தார்கள். அந்த அம்மாள் கொடுத்த வீட்டுப்பாடம்தான் இது. வேறெதற்கும் அவசரம் வேண்டாம், தினமும் கொஞ்ச நேரம் கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். பேசக் கூடாது. போன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

இதற்கு ஃபீஸ் வேறு.

போன் இல்லாமல் நேரம் எப்படித் தெரியும்? அதற்கு என் குக்கர் கிடைத்தது. சாயங்காலம் நான் அடுப்பில் ஏற்றினால் அங்கே கை கோத்துக்கொள்வார்கள். மூன்றாவது விசிலில் விட்டுவிடுவார்கள், பரீட்சை ஹாலில் மணி அடித்த மாதிரி.

இன்றைக்குக் குக்கர் வைக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்குள் ஜவஹர் இரண்டு தடவை என் ஜன்னலைப் பார்த்துவிட்டான். பாவமாகத்தான் இருந்தது.

முதல் விசில்.

புகழேந்தியின் கை, பஸ் கம்பியைப் பிடித்த மாதிரி விறைப்பாக இருந்தது. பார்வை தெருவில்.

இரண்டாவது விசில்.

தோளிலிருந்து பை நழுவித் தரையில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை. ஜவஹரின் கட்டைவிரல் அவன் மணிக்கட்டில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போது அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குக்கர் உஸ்ஸென்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம்தான். வெயிட் லேசாக ஆடியது.

நான் அடுப்பை சிம்மில் வைத்தேன்.

ஆடின வெயிட் அடங்கியது. ஹாலில் சீரியல் தொடங்கும் பாட்டு கேட்டது. போகவில்லை.

புகழேந்தி நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டான். கிளம்பவா, கிட்டே வரவா, தெரியவில்லை. ஜன்னல் கம்பி மறைத்தது.

என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னிக்கு ஏகாதசி, நாம ரெண்டு பேரும் பட்டினி. குக்கர்ல என்னடி வெச்சிண்டிருக்க?"

"தண்ணி. மெதுவா பேசுங்கோ," என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்தேன்.