வழிவிட்ட எலும்பு

கெட்டியான வண்டு ஒன்று பல்லி போன்றதொரு விலங்கின் வாய்க்குள் நொறுங்கிய சத்தம் மூட்டெலும்புக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அன்று தாடையின் கீல் அவள்தான். அவள் அசைந்தால்தான் வாய் மூடும்.

அவளுக்கு முன்னால் பல்லெலும்பு இருந்தான். தம்பி முறை.

"அக்கா, கொஞ்சம் நகர்ந்துக்கோயேன். எனக்குப் பல் வளருது."

அவள் நகர்ந்தாள். தலைமுறைக்குத் தலைமுறை அவன் அதையே கேட்டான், அவளும் நகர்ந்தாள்.

இப்போது அந்த விலங்கின் வழிவந்த மூன்று மண்டையோடுகள், பழையதிலிருந்து புதியதுவரை, அருங்காட்சியக மேசையில் வரிசையாக இருக்கின்றன. முதலாவதில் அவள் கட்டைவிரல் பருமன். இரண்டாவதில் புளியங்கொட்டை. மூன்றாவதில் தாடையைவிட்டே விலகி, காதுக்குள் ஓர் அரிசி மணி.

பெயர் அட்டை எழுத ஆள் வந்தார்.

"தம்பி, அந்தக் காலத்துல கீல் நான்தான்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். அட்டையில என் பேரும் இருக்கட்டும்."

"இந்த வயசுல பேரு எதுக்குக்கா? காது நல்லாக் கேட்குதில்ல? அதுக்கே நீ எனக்கு நன்றி சொல்லணும்."

"கேட்குதுடா. நீ மெல்லுறது ஒண்ணுவிடாமக் கேட்குது."

அவன் சிரித்தான். "சரி, சொல்றேன். அவர் அட்டையை வைக்கணும், நீ கொஞ்சம் நகர்ந்துக்கோ."

பழக்கம். அவள் நகர்ந்தாள்.

மூன்றாவது அட்டையில், 'கீழ்த்தாடை ஒரே எலும்பால் ஆனது' என்று எழுதியிருக்கிறது. காதிலிருந்து நகர்ந்து மேசையில் உதிர்ந்து கிடந்த அந்த அரிசி மணியை அன்று மாலை தூசியோடு தூரிகையால் தள்ளிக் குப்பையில் போட்டார்கள்.