எல்லாரும் போன பிறகு

திருட்டு மறுபடியும் நடந்திருந்தது. இந்த முறையும் அதே இடத்தில்தான் கை வைத்திருந்தார்கள்.

பூட்டு சார் திரையை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு கூட்டமும், ஒவ்வொரு போன் பேச்சும் பதிவாகும். எந்தப் பதிவை யார் கேட்கலாம், யார் கேட்கக்கூடாது என்று திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி, மற்றபடி எல்லார் வாயிலும் அவர் பூட்டு சார்தான்.

அவருக்கே ஒரு பதிவையும் கேட்க அனுமதி கிடையாது. பூட்டுகிறவன் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்று அவரே தனக்குப் போட்டுக்கொண்ட விதி அது. அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மேலாளர் அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"யார்னு தெரிஞ்சுதா சார்?"

"குறிப்பு எழுதுற அம்மா, மேடம். வீட்லேருந்து வேலை பாக்குறாங்களே, அவங்க." பூட்டு சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கூட்டத்தைக் கேட்டு எழுதிக் குடுக்கிறதுதான் அவங்க வேலை. ஆனா எழுதிக் குடுத்தப்புறமும் திரும்பத் திரும்பத் திறக்கிறாங்க. அதுவும் கடைசிப் பகுதியை மட்டும்."

"கடைசியில என்ன இருக்கு? விலை பேசினதா?"

"விலையெல்லாம் நடுவுலயே முடிஞ்சிடும். இது எல்லாரும் போனப்புறம் வர்றது. ஆன்லைன் கூட்டத்தை விட்டு நான் வெளிய வந்தாத்தான் பதிவு நிக்கும், அதுவரைக்கும் சும்மா ஓடிட்டிருக்கும். அங்க ஒண்ணுமே இருக்காது மேடம்."

"நானும் போட்டுப் பாத்தேன். யாரோ கீபோர்டு தட்டுற சத்தம்தான் வருது. அதுக்கு மேல உக்காந்து கேக்க யாருக்கு நேரம்?" மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒண்ணுமில்லாததை ஒருத்தர் இத்தனை தடவை கேப்பாங்களா? அடுத்த வாரம் டெண்டர், என்னால ரிஸ்க் எடுக்க முடியாது. இன்னிக்கே காரணம் கேளுங்க. சொல்லலைன்னா அனுமதியை எடுத்துடுங்க, ஆளையும் அனுப்பிடலாம்."

அன்றைய கூட்டம் மதியம் வரை இழுத்தது. வழக்கம்போல பூட்டு சார் வாயைத் திறக்கவில்லை, அவரை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. முடிந்ததும் திரையில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

தினமும்போல அவர் மட்டும் உட்கார்ந்து, யார் யாருக்கு எது என்று அனுமதிகளைப் போட்டுக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஆம்லெட் ஒரு பக்கம் கரியாகியிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அடுப்பு அவர் பேச்சைக் கேட்பதில்லை. தனிமை பழகிப்போச்சு என்று மகனிடம் போனில் சொல்வதெல்லாம் சுத்தப் பொய்.

"நேத்துதான் தீஞ்சேன்னா, இன்னிக்குமா? ஏன்தான் இப்படிப் பண்றே?" என்று ஆம்லெட்டையே கேட்டார். பதில் சொல்ல அங்கே ஆளில்லை. பாதியைத் தின்றுவிட்டு டப்பாவை மூடினார்.

பிறகு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனை எடுத்தார். குறிப்பு எழுதும் அம்மாவை அவர் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. பிழையில்லாமல் எழுதுவார் என்பது மட்டும் தெரியும்.

"ஆபீஸ்லேருந்து பேசுறேம்மா."

"பூட்டு சாரா? சொல்லுங்க சார்!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இந்தக் குரலையா வேலையை விட்டு அனுப்பப்போகிறோம் என்று அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

"முதல்லயே சொல்லிடறேன், இந்தப் பேச்சும் பதிவாகுது. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் வர்ற பகுதியை எதுக்கும்மா திரும்பத் திரும்பத் திறக்கிறீங்க?"

மறுமுனையிலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

"இதை மேடம் கேப்பாங்களா சார்?"

"கண்டிப்பா கேப்பாங்க."

"அப்ப நான் சொல்ல மாட்டேன்."

பூட்டு சாருக்குச் சுருக்கென்றது. தப்பு செய்யாதவர் இப்படி வாயை மூடுவாரா?

"வெளியில யாருக்காவது சொல்றீங்களா?"

"ஐயோ, இல்ல சார்! நாள் முழுக்க நானும் இந்தச் செவுரும்தான். யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்?"

"காரணம் சொல்லலைன்னா வேலை போயிடும்மா. என் கையாலதான் பூட்டணும். நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுட்டேன் சார். சொன்னா உங்களுக்குத்தான் சங்கடம். நீங்க பூட்டிடுங்க."

தனக்கு என்ன சங்கடம் என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திரையில் அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே விரலைக் கொண்டுபோனார். எத்தனையோ பேருக்கு அனுமதியை எடுத்திருக்கிறார், அப்போதெல்லாம் இவ்வளவு யோசித்ததில்லை.

"சார், ஒரு நிமிஷம்." அந்தக் குரல் அவசரமாக வந்தது. "இனிமே என்னால கேக்க முடியாது. அதனால ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்கம்மா."

"அடுப்பைக் கொறச்சு வெச்சு ஊத்துங்க சார், ஆம்லெட் தீயாது."