இரண்டு மாடி குறைத்தால்

"நாலு மாடியை ரெண்டு மாடின்னு மாத்துங்க. அவ்வளவுதானே?" என்றார் போக்குவரத்துத் துறை இயக்குநர், காப்பியில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்வதுபோல.

பெரிய ரோட்டு லாரிகளைப் பின்பக்கச் சந்துக்குத் திருப்பினால் புகை எங்கே போய்த் தங்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருந்தது. திரையில் சந்து முழுக்கச் சிவப்பு. இரண்டு பக்கமும் நாலு மாடி வீடுகள். புகை மேலே ஏற வழியில்லாமல் வீட்டுக்குள்தான் நுழையும். மாடியைக் குறைத்துக் காட்டினால், காற்று தாராளமாக வீசுவதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிடும். சிவப்பு பச்சையாகிவிடும்.

"இடிக்கணும்னா ஆளனுப்புங்க சார். கம்ப்யூட்டர்ல நான் இடிக்க மாட்டேன்" என்றாள் கணக்குப் போட்ட பொறியாளர்.

இந்தக் கணக்குகளைப் போடுவதால் அலுவலகத்தில் அவளுக்குப் 'புகைக்காரி' என்றே பெயர். பிடித்தால் பிடித்த பிடி என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பெரிய ரோட்டுக்காரர்கள் மனு மேல் மனு போடுகிறார்கள், மேலிடம் வாக்குக் கொடுத்துவிட்டது, அவள் கையெழுத்துதான் பாக்கி என்று இயக்குநர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. வேலையே போய்விடும் என்று மிரட்டினார்.

அப்போது அவள் போன் அடித்தது. கணவன். மகளுக்கு மறுபடியும் மூச்சிழுப்பு. மருந்து கொடுத்ததில் இப்போது பரவாயில்லையாம்.

"ஜன்னலை நல்லா சாத்தி வைங்க. வந்துடறேன்" என்று வைத்தாள்.

"அதானே பார்த்தேன்" என்றார் இயக்குநர். "அந்தச் சந்துலதான் வீடா? சொந்தப் பிள்ளைக்காகத்தான் இவ்வளவு அடமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"என் வீட்டுக் கதை இங்க வேண்டாம் சார். வேற யாரு கையெழுத்துப் போட்டாலும் சரி, பொதுமக்கள் கூட்டத்துல இந்தச் சிவப்பை நானே காட்டுவேன். வேலையை எடுக்கறதுன்னா எடுத்துக்கங்க."

கூட்டம் என்றதும் இயக்குநர் எட்டித் திரையை அணைத்தார். பிறகு, திட்டம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துத் தொலைக்கச் சொன்னார். அவள் அங்கேயே எழுதிக் கொடுத்தாள்.

வீட்டில் மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கணவன் ஆவலாக எழுந்து வந்தான்.

"நம்ம மனு என்னாச்சு? லாரியைச் சந்துப் பக்கம் திருப்பிடுவாங்கதானே?"

பெரிய ரோட்டைப் பார்த்த ஜன்னல் தடதடவென்று அதிர்ந்தது. அது அடங்கும்வரை மகளின் நெஞ்சின்மேல் கையை வைத்தபடி நின்றாள்.

"இல்லைங்க, நம்ம வாசல்லதான் ஓடும். நான்தான் எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்."