சாட்சிக்கு நின்றவள்

சிரிஞ்சில் பாதி மருந்து மீதியிருந்தது.

மிதுனா அதைத் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரல் அழுத்த மறுத்தது.

ஒப்பரேஷன் முடிந்து வந்த சிவபாதசுந்தரம் ஐயா வலியில் துடித்தார். டொக்டர் எழுதியது பாதி அம்பியூல் பெத்தடின், போதை ஏற்றும் வலிமருந்து. ஊசி போட்டதும் முகம் தளர்ந்து தூங்கிவிட்டார். மிச்சத்தை இன்னொரு நேர்ஸின் கண்முன்னால் ஊற்றிவிட வேண்டும். சட்டம் அப்படி.

அந்த இன்னொரு நேர்ஸ், மூத்தவளான பிறிஜெற் அக்கா. மருந்தறைக் கதவோரம் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊத்தீட்டியா பிள்ளை?"

மிதுனாவின் கண் சிரிஞ்சின் அளவுக்கோட்டிலேயே நின்றது.

அந்த வார்டில் மிச்ச மருந்தை ஊற்றும்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூத்தவள் பார்த்தால் சின்னவளைக் கள்ளி என்று நினைத்ததாகிவிடும். சின்னவள் பார்த்தால் மரியாதை தெரியாதவள். ஊற்றியாச்சு என்று ஒரு சொல், பிறகு ஒரு கையெழுத்து. வருஷக்கணக்காக இப்படித்தான் நடக்கிறது.

காலையில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெண் இறந்துபோனாள். மிதுனாவின் வயதுதான். மிதுனாதான் உடம்பைத் துடைத்து, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, கை கழுவின ஈரம் காயுமுன் அடுத்த கட்டிலுக்குச் சிரித்த முகத்தோடு போனாள். "மிஸ், பிளேன்டீ ஆறிப்போச்சு" என்றார் அந்தக் கட்டில்காரர். சூடாக வேறு கொண்டுவந்து கொடுத்தாள்.

சாப்பாட்டு நேரத்திலும் அழவில்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

வெள்ளவத்தை அறையில் படுத்தால் ரயில் போகும் இரைச்சலுக்குள்ளும் வார்டு மொனிட்டர் கூவுவது கேட்கிறது. தூக்கக் குளிசை எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நாளில் அதுவும் வேலை செய்யாமல் போயிற்று. ஊரிலிருந்து அம்மா, நீதானே நேர்ஸ், உனக்கென்ன வருத்தம் வரப்போகுது என்று போனில் சிரித்தாள்.

மற்றவர்கள் சிரிஞ்சில் இருக்கும் இந்த மருந்துக்குப் பயப்படுவார்கள். மிதுனாவுக்கு இதன் அளவு தெரியும், நெற்றிச் சுருக்கம் எப்போது விரியும் என்று தெரியும். தெரிந்தவள் தனக்கே போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு தரம்தானே. உள்ளே பேசிய குரல் அவளுடையதைப் போலவே இருந்தது. நோயாளிகளிடம் பேசுகிற அதே நிதானம்.

யூனிபோர்மின் பை இடுப்போரம் வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

"என்ன பிள்ளை, சிலையாப் போயிட்டியோ? ஓம் எண்டு சொல்லு. கையெழுத்தப் போட்டுட்டு நான் தேத்தண்ணி குடிக்கோணும்."

அந்த ஓம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அக்கா, ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ."

தட்டைத் துடைத்த துணி நின்றது.

"போடி. கொட்டாஞ்சேனைக் கோயில்ல மச்சாள்ட கலியாணத்துக்கே நான்தான் சாட்சி. மாப்பிள்ளையிட முகத்தையே பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டனான்."

மிதுனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்க பாக்காட்டி நான் ஊத்தமாட்டன், அக்கா."

பிறிஜெற் அக்கா மெல்லத் திரும்பினாள். சிரிஞ்சைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். கடைசியாக முகத்தைப் பார்த்தாள்.

மிதுனா அழுத்தினாள். மருந்து மெல்லிய கோடாகத் தொட்டியில் விழுந்தது. பைப்பைத் திறந்துவிட்டாள். தண்ணீர் அதைக் கொண்டு போனது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இனி அக்கா நேராகத் தலைமை நேர்ஸ் மேற்றனிடம் போவாள். விசாரிப்பார்கள். வேலை போய்விடும். எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பிறிஜெற் அக்கா போகவில்லை. கதவைச் சாத்தினாள்.

பிறகு தன் யூனிபோர்மின் பைக்குள் கையை விட்டு, மூடி போட்ட சிரிஞ்ச் ஒன்றை எடுத்து மிதுனாவின் உள்ளங்கையில் வைத்தாள். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

காலையில் இறந்தவளுக்குக் கடைசியாகப் போட்ட ஊசியின் மீதி. அதை ஊற்றியாயிற்று என்று, பார்க்காமலே சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் மிதுனா.

"இதையும் நீயே ஊத்து பிள்ளை. என்ர கையால ஏலாது."

சொல்லிவிட்டு, இம்முறை முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.