கரு வைக்கிற டொக்டர்

ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு மாங்குளம் வந்திருந்த சாரங்காவைத் தேடி, தண்ணீரூற்றிலிருந்து ஜெயரூபி பஸ் ஏறி வந்தாள். மடியில் பத்து வருசத்து வைத்திய அறிக்கைகள்.

"கருவுக்குள்ள ஊசியால குத்தி மரபணுவை மாத்துவியளாம். பிறகு அதை இன்னொரு தாயின்ர வயித்தில வைப்பியளாம். உங்கட அம்மா சொன்னவா."

"ஓம் அக்கா."

"தங்குமோ?"

"அநேகமாத் தங்கும்."

ஜெயரூபிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு நாலு தரம் தங்கேல்லை. முப்பத்தொன்பது வயசாச்சு. ஒருக்கா வைச்சு விடுங்கோ டொக்டர்."

சாரங்கா தன் தாய் இராசமலரைப் பார்த்தாள். அவள் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டாள். 'என்ர மகள் பிள்ளையில்லாதவைக்குப் பிள்ளை குடுக்கிற டொக்டர்' என்று தாய் ஊரெல்லாம் சொல்வது சாரங்காவுக்கு நாலு வருசமாகத் தெரியும். கேட்க நன்றாக இருந்ததால் அவள் திருத்தவில்லை.

"அக்கா, டொக்டர் எண்டது நான் ஆராய்ச்சி செய்து எடுத்த பட்டம். நான் கரு வைக்கிறது ஆக்களுக்கில்லை. ஆய்வுகூடத்தில... எலியளுக்கு."

ஜெயரூபி அறிக்கைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

"பரவாயில்லைத் தங்கச்சி. அதுகளாவது தாயாகட்டும்."

கருவை எடுப்பதற்காக, அது உருவான முதல் தாய் எலியைக் கொன்றுவிடுவோம் என்று சாரங்காவால் சொல்ல முடியவில்லை. பஸ் வரும்வரை ஜெயரூபியோடு றோட்டில் நின்றாள், முகத்தைப் பார்க்காமல்.