சிக்னல் கிடைக்கும் இடம்

தென்னூர் வீட்டில் சிவசங்கர் கிரிக்கெட் பார்க்க, செல்போனைத் தூக்கிக்கொண்டு வைஃபை தேடி அறை அறையாக அலைந்தார். ஹாலில் வட்டம் சுற்றியது, படுக்கையறையில் அதுவும் நின்றது. கடைசியில் சமையலறைத் தொட்டியருகே வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது!

“அங்கேயே நின்னு பாருங்க. அப்படியே அந்தப் பாத்திரத்தையும் கழுவிடுங்க” என்றாள் மனைவி யாழினி.

கண் கிரிக்கெட்டில், கை குக்கரில். விளம்பரம் வந்ததும் கீழ்வீட்டு மன்சூருக்குப் போன் போட்டுத் தன் கண்டுபிடிப்பைப் பீற்றிக்கொண்டார்.

“அட, எங்க வீட்லயும் அங்கதாங்க நல்லா வருது! பிரியாணிச் சட்டி தேய்ச்சிட்டிருக்கேன்” என்றார் மன்சூர்.

ஹாலில் யாழினியோடு மணப்பாறை முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த மன்சூரின் மனைவி ஷஹனாஸ் கிசுகிசுத்தாள்: “ரெண்டு வீட்லயும் ரவுட்டரைக் கிச்சன்ல அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சது நல்லதாப் போச்சு.”

“அடுத்த வாரம் துணி துவைக்கிற கல்லுக்கிட்ட மாத்திடுவோம்க்கா” என்றாள் யாழினி.